ஆற்றிலே போட்டாலும் அளந்து போடணும்!

"வருமான வரியா? அதெல்லாம் எங்க வீட்டுக்காரர் பார்த்துப்பார்!"

நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் சொல்கிறோம். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் நமக்கு மனப்பாடம். குழந்தைக்குப் போன மாதம் வாங்கிய சிரப்பின் விலையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் வரி என்ற சொல்லைக் கேட்டதும், 'அது ஆம்பளைங்க சமாசாரம்' என்று அடுப்படிக்குப் போய்விடுகிறோம். வரியை மிச்சம் பண்ணுகிறேன் என்று சொல்லி வருடத்துக்கு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று எடுத்துக் கட்டுகிற பணம் எங்கிருந்து வருகிறது? நம் மளிகையிலிருந்தும் குழந்தைகளின் துணிமணியிலிருந்தும்தானே? அப்படியானால் அந்தக் கணக்கில் நமக்கும் பங்கு உண்டு அல்லவா?

நான் குடியிருப்பது கல்வராயன் மலையில், கரியாலூரில். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் எங்கள் ஊர். பெரியார் அருவி, மேகம் அருவி பார்க்க வருகிறவர்கள் 'என்ன சுகமான காற்று!' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காற்று சுகம்தான். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் அதிகமானால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். என் கணவர் மலையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியர். மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு ஏழு வயது. ஒரே சம்பளம். வருடத்துக்குச் சுமார் 9 லட்சம். கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. கையில் வந்து செலவானபின் பார்த்தால்தான் தெரியும்!

2025 ஏப்ரல் மாதத்தில் எங்களுக்குத் தெரிந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் மலையேறி வந்தார். நல்ல மனிதர்தான். குழந்தைகளுக்கு பிஸ்கட் வாங்கி வருவார்.

"சார், போன வருஷம் பிப்ரவரியில அலைஞ்ச மாதிரி இந்த வருஷம் அலையாதீங்க. வருஷத்துக்கு 50,000 ரூபாய், பதினஞ்சு வருஷம் கட்டுங்க. வரியும் மிச்சம். கடைசியில 11,30,000 கையில வரும். கட்டுறது ஏழரை லட்சம்தான்!" என்றார்.

என் கணவர் பேனாவைத் தேடினார். நான் காபியைக் கொடுத்துவிட்டு, "எவ்வளவு வரி மிச்சமாகும்னு ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டுப் போங்கண்ணா, பார்த்துச் சொல்றோம்" என்றேன். "அது அவரவர் கணக்கைப் பொறுத்ததுங்க" என்று அவர் மழுப்பினார். எனக்கு அங்கேதான் இடித்தது. புடவைக் கடையில்கூட 'தள்ளுபடி எவ்வளவு?' என்று கேட்டால் ரூபாயில் சொல்கிறான். ஐம்பதாயிரம் கேட்கிறவர் சொல்லக் கூடாதா?

சேலத்தில் என் சின்னம்மா பெண், முதலீட்டு ஆலோசகர் ஒருவரைப் பற்றி முன்பே சொல்லியிருந்தாள். கோடை விடுமுறைக்கு அங்கே போகத்தான் போகிறோம், ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்றேன். ஆலோசனைக் கட்டணம் 5,000 ரூபாய் என்றதும் இவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பேசுறதுக்கு ஐயாயிரமா? ஏஜென்ட் வீட்டுக்கே வந்து இலவசமாச் சொல்றார்!"

"இலவசமாச் சொல்றவருக்குச் சம்பளம் யார் கொடுக்கறாங்க?" என்று கேட்டேன். பதிலில்லை. ஆத்தூர், வாழப்பாடி வழியாக சேலம் பஸ்ஸில் போகும்போதுகூட அந்த ஐயாயிரத்தைப் பற்றித்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

ஆலோசகர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. சாதாரண நூல் புடவை, மேஜைமேல் ஒரு கால்குலேட்டர், அவ்வளவுதான். முதலில் தன்னைப் பற்றிய விவரத்தைச் சொன்னார். 'செபி' என்ற பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம் 2013-ல் விதிகள் கொண்டு வந்தது. அதன்படி பதிவு செய்துகொண்ட முதலீட்டு ஆலோசகர், யோசனை கேட்க வருகிறவரிடம் கட்டணம் வாங்கலாம். அந்த யோசனைக்காக எந்தக் கம்பெனியிடமும் கமிஷன் வாங்கக் கூடாது. ஏஜென்ட் என்பவர் கம்பெனிக்காக விற்கிறவர். அவருக்கு நாம் கட்டும் பிரீமியத்திலிருந்து கமிஷன் போகிறது.

"ஏஜென்ட் வேலை தப்பான வேலை இல்லைம்மா. ஆனா விற்கிறவர் யாரு, யோசனை சொல்றவர் யாருன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். பதிவு எண்ணைக் கேட்டு, செபியோட இணையதளத்துல இருக்கான்னு பார்த்துட்டுத்தான் யாருக்கும் பணம் கொடுக்கணும். எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்!" என்று சிரித்தார்.

பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி வரியைப் பற்றியே இல்லை.

"மாசம் வீட்டுச் செலவு எவ்வளவு?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "32,000. பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுற மாசம் கூடும்." அடுத்து, "அவசரத்துக்குக் கையில எவ்வளவு இருக்கு? யாருக்காவது உடம்பு சரியில்லாம இருக்கா? குழந்தைங்க எந்த வருஷம் காலேஜ் போவாங்க?" அரை மணி நேரம் அத்தனை கேள்விகளுக்கும் நான்தான் பதில் சொன்னேன். "பார்த்தீங்களா சார், முதலீட்டுக்கு வேண்டிய விவரம் முழுக்க அம்மாகிட்டதான் இருக்கு" என்றார்.

அப்புறம்தான் வரிக் கணக்குக்கு வந்தார். உங்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சம்பளக்காரர்களுக்கு இப்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பழைய முறை. இதில் 80சி என்று எல்லோரும் சொல்கிற கழிவு உண்டு. பாலிசி பிரீமியம், பி.பி.எஃப்., செல்வமகள் கணக்கு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை. 2014-ல் வைத்த உச்சவரம்பு அது. இரண்டாவது, 2020 பட்ஜெட்டில் வந்த புதிய முறை. இதில் அந்தக் கழிவு கிடையாது. ஆனால் வரி விகிதம் குறைவு. 2023-24 நிதியாண்டிலிருந்து, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் என்று ஆகிவிட்டது. சம்பளம் மட்டும் வாங்குகிறவர்கள் வருடா வருடம் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் பழைய முறை. 'பாலிசிதான் இருக்கிறதே' என்று பள்ளியில் எல்லோரும் பழைய முறைக்கே எழுதிக் கொடுத்தார்களாம்.

அந்த அம்மா கால்குலேட்டரைத் தட்டினார். 9 லட்சம் சம்பளம். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி ஒன்றரை லட்சம், இரண்டும் போக 7 லட்சம். அதற்கு வரி, நாலு சதவீதக் கூடுதல் வரியோடு 54,600 ரூபாய். ஒன்றரை லட்சத்தைச் சேமிக்காமல் இருந்தால் 85,800. அதாவது மிச்சம் 31,200. ஏஜென்ட் சொன்னது பொய்யில்லை.

"இப்ப புதிய முறையைப் பாருங்க" என்றார். 2025 பட்ஜெட்டின்படி 2025-26 நிதியாண்டிலிருந்து, புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி போக வரியே இல்லை. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000. ஆகவே சம்பளம் மட்டுமே வருமானம் என்றால், 12,75,000 வரை ஒரு பைசா வரி கிடையாது!

"ஒன்றரை லட்சத்தை முடக்கி வச்சா 54,600 வரி. ஒண்ணுமே முடக்காம இருந்தா வரி பூஜ்யம். இப்ப சொல்லுங்க சார், இந்த வருஷம் வரி மிச்சத்துக்காக உங்களுக்கு எந்த பாலிசி வேணும்?"

என் கணவர் அந்தக் காகிதத்தை வாங்கி, பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி வரிக்கு வரி பார்த்தார். தப்பு ஒன்றும் அகப்படவில்லை.

இன்னொரு விஷயமும் சொன்னார். முடிந்துபோன 2024-25-க்கு, பழைய முறையில் பள்ளியிலேயே 54,600 பிடித்துவிட்டார்கள். அந்த வருடத்துப் புதிய முறையில் கணக்குப் பார்த்தால் 33,800தான். "கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது புதிய முறையைத் தேர்ந்தெடுத்துக்கலாம். கூடுதலாப் பிடிச்சது திரும்பி வந்துடும்." அதாவது 20,800 ரூபாய்! ஐயாயிரத்தைப் பற்றிய முணுமுணுப்பு அதோடு நின்றது.

பழைய முறை யாருக்குமே லாபமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதைவிட அதிகச் சம்பளம், கூடவே வீட்டுக் கடன் வட்டி, வாடகைப் படி என்று பெரிய கழிவுகள் இருப்பவர்களுக்குப் பழைய முறை உதவலாம். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பழைய முறையில் இருப்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். சம்பளத்தில் பிடிக்கிற வருங்கால வைப்பு நிதி, இரண்டு குழந்தைகள் வரை பள்ளிக்குக் கட்டுகிற கல்விக் கட்டணம் இவையெல்லாம் அந்த ஒன்றரை லட்சத்துக்குள்ளேயே அடக்கம். பல வீடுகளில் அதுவே முக்கால்வாசி நிரம்பியிருக்கும். தெரியாமல் மேலும் மேலும் பாலிசி வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

"சரிங்க மேடம், வரி போகட்டும். ஏழரை லட்சம் கட்டினா 11,30,000 வருதே, அது லாபம்தானே?" என்று நான் கேட்டேன்.

"எத்தனை வருஷத்துல வருதுங்கிறதை விட்டுட்டுப் பார்த்தா எல்லாமே லாபம்தான்" என்றார். கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஐந்து சதவீதம்தான் ஆகிறது. அதே 50,000-ஐ ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் தபால் ஆபீசில் பி.பி.எஃப். கணக்கில் போட்டு வந்தால், வட்டி 7.1 சதவீதமாகவே இருக்கும் பட்சத்தில், பதினைந்து வருடத்தில் 13,56,000 ஆகும். 1968-ல் வந்த திட்டம் அது. வருடத்துக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதம் ஆனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் வட்டியை அறிவிக்கும். புதிய முறையில் போடுகிற பணத்துக்குக் கழிவு இல்லாவிட்டாலும், கிடைக்கிற வட்டிக்கு இரண்டு முறையிலும் வரி இல்லை.

அப்புறம் அந்த அம்மா குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "சார் மலையில வண்டியிலதானே போறீங்க?"

"ஆமாங்க. மோட்டார் சைக்கிள்."

"மழைக்காலத்துலயுமா?"

"ஆமாங்க."

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆனா, அம்மா கைக்கு எவ்வளவு வரும்?"

எங்களிடம் 2019-ல் எடுத்த பத்து வருடப் பாலிசி ஒன்று இருக்கிறது. அதன் காப்புத் தொகை 5 லட்சம். நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். மாதம் 32,000 என்றால் பதினாறு மாதத்துக்குக்கூட வராது. அரசாங்கத்திலிருந்து வரக்கூடியதைத் தனியாக வைத்துக்கொண்டாலும், இரண்டு குழந்தைகளின் படிப்பு பாக்கி நிற்கிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வரியைப் பற்றி இத்தனை வருடம் பேசியிருக்கிறோம். இதை ஒரு நாளும் பேசியதில்லை. அபசகுனமாக எதற்குப் பேச வேண்டும் என்றுதானே நம் வீடுகளில் விட்டுவிடுகிறோம்?

இன்ஷூரன்ஸ் என்பது இதற்குத்தான் என்றார் அவர். 'டேர்ம் பாலிசி' என்று ஒன்று இருக்கிறது. காலக்கெடு முடிந்து ஆள் நன்றாக இருந்தால் ஒன்றும் திரும்பி வராது. அதனாலேயே பிரீமியம் மிகக் குறைவு. முப்பத்தெட்டு வயதுள்ள, புகை பழக்கம் இல்லாத என் கணவருக்கு அறுபது வயது வரை 50 லட்சத்துக்கு, வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடியும் என்று உத்தேசமாகச் சொன்னார். இவருக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. "அதை மறைக்காம எழுதிக் கொடுங்க. கொஞ்சம் கூடக் கேட்டாலும் பரவாயில்லை. மறைச்சா, நாளைக்கு அம்மா அலையணும்" என்றார்.

இந்த இடத்தில் சகோதரிகளுக்கு முக்கியமான ஒரு தகவல். 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கணவர் தன் பெயரில் பாலிசி எடுக்கும்போதே, மனைவி குழந்தைகளின் நன்மைக்காக அந்தச் சட்டத்தின் கீழ் எடுப்பதாக விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பணம் அவர்களுக்கே உரியது. கணவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. தனியாகக் கட்டணம் எதுவும் இல்லை. நூற்றைம்பது வருடமாக இருக்கிற இந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் வீட்டுக்கு வந்த எந்த ஏஜென்டும் வாய் திறந்ததில்லை.

"அப்போ பழைய பாலிசியை நிறுத்திடலாமா?" என்று இவர் அவசரப்பட்டார். "ஆறு வருஷம் கட்டியாச்சு, நாலு வருஷம்தான் பாக்கி. அதை விடாதீங்க. நிறுத்தினா என்ன கிடைக்கும், கட்டாம அப்படியே வச்சா என்ன கிடைக்கும், முடிச்சா என்ன கிடைக்கும்னு கம்பெனிகிட்ட எழுத்துல வாங்கிப் பார்க்காம எந்தப் பாலிசியையும் நிறுத்தக் கூடாது" என்றார். புதிதாக ஒன்றை வாங்கிவிட்டு மனம் மாறினால், பத்திரம் கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து என் பணத்தைப் பற்றிக் கேட்டேன். ஊரில் நிலம் விற்றபோது என் அப்பா எனக்கு 3 லட்சம் கொடுத்திருந்தார். அது பாங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது. அதற்கு வரி உண்டா?

அப்பா மகளுக்குக் கொடுப்பது அன்பளிப்பு. அதற்கு வரி இல்லை. அதில் வருகிற வட்டி என் வருமானம். எனக்கு வேறு வருமானம் இல்லாததால் வரி வராது. புதிய முறையில் 2025-26 முதல் 4 லட்சம் வரை அடிப்படை விலக்கே இருக்கிறது. ஆனால் கணவர் தன் சம்பளத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டால், அந்த வட்டி கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். 'மனைவி பேர்ல போட்டா வரி இல்லை' என்று ஊரில் சொல்வது சரியில்லை.

"அதனால அப்பா கொடுத்த பணத்தையும் சார் கொடுக்கிற பணத்தையும் ஒரே டெபாசிட்ல கலக்காதீங்க. வேற வேற கணக்கா இருக்கட்டும். வரிக்கு மட்டுமில்லை. உங்க பணம் உங்க பணமா இருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு மிகவும் பிடித்தது. என் கணவருக்கும் பிடித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்!

மகளுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைச் சொன்னார். 2015 ஜனவரியில் தொடங்கியது. பத்து வயது ஆவதற்குள் பெண் குழந்தையின் பெயரில் தபால் ஆபீசிலோ பாங்கியிலோ ஆரம்பிக்க வேண்டும். அம்மாவே ஆரம்பிக்கலாம். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய். பதினைந்து வருடம் கட்ட வேண்டும். ஆரம்பித்ததிலிருந்து இருபத்தோரு வருடத்தில் முதிர்ச்சி. பெண்ணுக்குப் பதினெட்டு வயதானபின் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. இந்த வட்டிக்கும் வரி இல்லை. என் பெண்ணுக்கு அப்போது ஏழு முடிந்திருந்தது. இன்னும் மூன்று வருடம் சும்மா இருந்திருந்தால் அந்தக் கதவு அடைபட்டுப் போயிருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால், எங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்காகவும் ஒரு கேள்வி கேட்டேன். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவள். மரவள்ளிதான் பிழைப்பு, கடுக்காய்க் காலத்தில் கடுக்காய் பொறுக்குவாள். அவளிடமும் 'வரி மிச்சம்' என்று சொல்லி யாரோ ஒரு பாலிசியை விற்றிருந்தார்கள். மரவள்ளி விலை விழுந்த வருடம் பிரீமியம் கட்ட முடியாமல் திண்டாடினாள். "அக்கா, மலைக்காரங்களுக்கு வரியே கிடையாதாமே, நெசமா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பழங்குடியினருக்கான வருமான வரி விலக்கு வடகிழக்கு மாநிலங்களிலும் லடாக்கிலும் குறிப்பிட்ட பகுதிகளில் வசிக்கிற பழங்குடியினருக்குத்தான். கல்வராயன் மலைக்கு அது கிடையாது என்றார் ஆலோசகர். இங்கே உத்தியோகம் பார்க்கிற பழங்குடி ஆசிரியருக்கும் மற்றவர்களைப் போலத்தான் வரி. ஆனால் விவசாய வருமானத்துக்கு யாராக இருந்தாலும் வருமான வரி இல்லை. ஆகவே மரவள்ளி ஒன்றையே நம்பியிருக்கிற குடும்பத்துக்கு மிச்சம் பிடிக்க வரி என்று ஒன்றே கிடையாது!

1976 வரை எங்கள் மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. இங்குள்ளவர்கள் அவர்களுக்குத்தான் வரி கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வரி போய் இத்தனை வருடம் ஆனபிறகு, இல்லாத வரியை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று சொல்லி அவர்களிடம் பணம் வாங்குவது என்ன நியாயம்?

அவளுக்கு வேண்டியது வேறு. பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில், பாங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 50 வயது வரையிலானவர்கள் சேரலாம். வருடத்துக்கு 436 ரூபாய். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். விபத்துக்கான சுரக்ஷா திட்டத்துக்கு வருடம் 20 ரூபாய்தான். 2022 ஜூன் முதல் இந்தக் கட்டணங்கள். மரத்தில் ஏறித் தேன் எடுக்கிற வீடுகளில் இதைவிட அவசரம் எது? மிச்சத்தை, வேண்டும்போது எடுக்கிற மாதிரி தபால் ஆபீஸ் சேமிப்பிலும் மகளிர் குழுவிலும் போட்டால் போதும்.

ஊருக்குத் திரும்பிய அன்றே அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். "456 ரூபாய்தானாக்கா? ரெண்டுக்கும் சேர்த்தா?" என்று மூன்று தரம் கேட்டாள். அடுத்த வாரமே அவளும் அவள் வீட்டுக்காரரும் பாங்கிக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? ஐம்பதாயிரம் ரூபாய்ப் பாலிசியை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டோம். ஏஜென்ட் கோபித்துக்கொள்ளவில்லை, "டேர்ம் பாலிசியையாவது என்கிட்ட எடுங்க சார்" என்றார். அவரிடமே எடுத்தோம், 1874-ஆம் வருடச் சட்டத்தின் கீழ். (2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி.யும் நீங்கியது.) மகள் பெயரில் செல்வமகள் கணக்கு, என் பெயரில் பி.பி.எஃப். ஆறு மாதச் செலவுக்கான பணம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி பாங்கியில் சேர்ந்துகொண்டு வருகிறது. ரிட்டர்ன் தாக்கல் செய்ததில் அந்த 20,800 ரூபாயும் திரும்பி வந்தது. அதுதான் அவசரப் பணத்துக்கு முதல் போணி!

1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று 2025-ல் ஒரு புதிய சட்டம் நிறைவேறியது. 80சி என்ற பழக்கப்பட்ட பெயருக்கும் வேறு எண் வந்துவிட்டது. எண்கள் மாறும், வட்டி மாறும், வரம்பு மாறும். ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் ஒருமுறை கணக்கைப் புதிதாகப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. இந்தப் பணம் எதற்காக, எந்த வருடத்தில் வேண்டும்? நடுவில் அவசரமென்றால் எடுக்க முடியுமா? வரி மிச்சம் எத்தனை ரூபாய்? விற்கிறவருக்கு இதில் எவ்வளவு கிடைக்கிறது? சம்பாதிக்கிறவர் இல்லாமல் போனால் வீடு எத்தனை மாதம் நடக்கும்?

இவற்றைக் கேட்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிறோமே, அந்தச் சாமர்த்தியம் போதும். மார்ச் மாதம் வரை காத்திருக்காதீர்கள். அவசரத்தில் வாங்குவது எதுவும் அளந்து வாங்கியதாக இருக்காது. ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்தபின் இரண்டு பேரும் ஒரு நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். 'இதெல்லாம் உனக்கெதுக்கு?' என்று அவர் கேட்டால், மாதச் செலவு எவ்வளவு என்று அவரையே கேட்டுப் பாருங்கள்!